டிராக்டரின் கியர் பெட்டிக்கும் ஒரு வெப்பமானி வேண்டும்

நமது கிராமங்களில் உழவு என்றால் டிராக்டர் உழவு என்றே ஆகிவிட்டது. நஞ்சையில் சேற்று உழவு, புஞ்சையில் கோடை உழவு, கரும்பு ஆலைக்கு லோடு, களத்து மேட்டிலிருந்து நெல் மூட்டை என்று ஆண்டு முழுவதும் டிராக்டருக்கு ஓய்வில்லை. பல லட்ச ரூபாய் பெறுமானமுள்ள இந்த இயந்திரத்தை வங்கிக் கடனில் வாங்கி, தவணை கட்டிக்கொண்டே ஓட்டுகிறவர்கள்தாம் நம்மில் அதிகம். ஆகவே அது ஒரு வாரம் நின்றுவிட்டாலும் குடும்பமே தள்ளாடிப் போகிறது.

டிராக்டரின் மீட்டர் போர்டைப் பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்ட ஒரு முள் இருக்கிறது. எஞ்சின் ஆயில் அழுத்தத்தைக் காட்ட ஒரு முள்ளோ விளக்கோ இருக்கிறது. பேட்டரிக்கும் டீசலுக்கும் ஓடிய மணிக்கும் அடையாளம் உண்டு. ஆனால் டிராக்டரின் எடையில் பெரும்பகுதியைத் தாங்கி, எஞ்சினின் சக்தி முழுவதையும் சக்கரத்திற்குக் கொண்டு செல்லும் கியர் பெட்டியின் சூட்டைக் காட்ட, நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் எதுவும் இல்லை. எஞ்சினுக்குக் காய்ச்சல் வந்தால் தெரிகிறது. கியர் பெட்டிக்கு வந்தால் அது உடைந்த பிறகுதான் தெரிகிறது.

இந்தக் குறையை உழவர்களே சில நூறு ரூபாய்ச் செலவில் நீக்கிக்கொள்ளலாம். டிராக்டர் உற்பத்தியாளர்களோ இதைத் தொழிற்சாலையிலேயே நீக்கித் தந்தாக வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

சூடு எங்கிருந்து வருகிறது?

நமது டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் கியர்கள், டிஃபரன்ஷியல், பின் அச்சு ஆகியவை ஒரே இரும்புக் கூட்டுக்குள் இருக்கின்றன. பல மாடல்களில் லிப்டை இயக்கும் ஹைட்ராலிக் பம்பும், ஆயிலில் மூழ்கிய பிரேக்குகளும் அதே ஆயிலைத்தான் பயன்படுத்துகின்றன. மாடலைப் பொறுத்து ஏறக்குறைய 30 முதல் 60 லிட்டர் வரை ஆயில் பிடிக்கும். இந்த ஒரே ஆயில் மசகாகவும் இருக்க வேண்டும், சுமையையும் தூக்க வேண்டும், பிரேக்கின் சூட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எஞ்சினுக்கு ரேடியேட்டரும் விசிறியும் உண்டு. கியர் பெட்டிக்கோ, ஆயில் கூலர் பொருத்திய சில பெரிய மாடல்களைத் தவிர, தன் இரும்புத் தோலைத் தவிர வேறு குளிர்ச்சி சாதனம் கிடையாது. 50 குதிரைத்திறன் டிராக்டர் முழுச் சுமையில் வேலை செய்யும்போது, சக்தியில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு கியர்களின் உராய்விலும் ஆயிலைக் கடைவதிலும் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து குதிரைத்திறன் அந்தக் கூட்டுக்குள்ளேயே வெப்பமாக மாறுகிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் கரும்பு லோடு இழுக்கும்போது இந்த வெப்பம் வெளியேற வழி குறைவு.

இதற்கு மேல் நாமே சேர்த்துவிடும் சூடும் உண்டு. அவற்றில் முக்கியமானது லிப்ட் நெம்புகோல். கலப்பை முழு உயரத்திற்குத் தூக்கிய பிறகும் சில டிரைவர்கள் நெம்புகோலை மேல்கோடியிலேயே தள்ளி வைத்திருப்பார்கள். லிப்டின் உள் இணைப்புகள் சரியாக அமைக்கப்படாத வண்டியானால், பம்ப் ஓயாமல் ஆயிலை ரிலீஃப் வால்வு வழியாகப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். ‘கீச்’ என்ற சத்தம் கேட்கும். நிமிடத்திற்கு 20 லிட்டர் தள்ளும் பம்ப் 170 பார் அழுத்தத்தில் இப்படி ஓடினால், ஏறத்தாழ 5.7 கிலோவாட் சக்தி வெறும் வெப்பமாக ஆயிலில் கலக்கிறது. ஐந்தாறு மின்சார இஸ்திரிப் பெட்டிகளை ஆயிலுக்குள் போட்டு ஸ்விட்சைத் தட்டியதற்குச் சமம் இது.

பிரேக் மிதியின் மேல் எப்போதும் காலை வைத்துக்கொண்டு ஓட்டுவது, பிரேக்கை இறுக்கமாக அட்ஜஸ்ட் செய்துவிடுவது, ஆயில் அளவு குறைவது, ‘இருக்கட்டும்’ என்று அளவுக்கு மேல் ஊற்றிவிடுவது, பேரிங்குகளை மிக இறுக்கிப் பூட்டுவது ஆகியவையும் சூட்டைக் கூட்டும். ஆயில் அதிகமானால் குளிர்ச்சி என்று நினைப்பது தவறு. கியர்கள் அதைக் கடைந்து கடைந்தே சூடேற்றும், நுரைக்கவும் செய்யும்.

சூட்டினால் என்ன கெடுதி?

முதலாவது, ஆயில் நீர்த்துப் போகிறது. 90-ஆம் எண் கியர் ஆயிலுக்கு 40 டிகிரி சென்டிகிரேடில் இருக்கும் கெட்டித் தன்மையில், 100 டிகிரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. பற்களுக்கு இடையே நிற்க வேண்டிய ஆயில் படலம் மெலிந்து, இரும்போடு இரும்பு உரசுகிறது. காலையில் நன்றாகத் தூக்கிய லிப்ட் மத்தியானத்தில் தூக்க மறுக்கிறது என்று நம் டிரைவர்கள் சொல்வதற்கும் பல சமயம் இதுவே காரணம். தேய்ந்த பம்ப், நீர்த்த ஆயிலைப் பிடித்து நிறுத்த முடியாமல் உள்ளுக்குள்ளேயே கசியவிடுகிறது.

இரண்டாவது, ஆயிலே கெட்டுப் போகிறது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பது மசகு எண்ணெய்த் துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. அதன்படி 70 டிகிரியில் ஓடும் ஆயிலோடு ஒப்பிட்டால், தொடர்ந்து 90 டிகிரியில் ஓடும் ஆயில் நான்கு மடங்கு வேகமாகக் கெடும். கம்பெனிப் புத்தகத்தில் 1,000 மணிக்கு ஒரு முறை ஆயில் மாற்றுக என்று எழுதியிருந்தால், அது சாதாரண வேலைக்குச் சொன்னது. நாள் முழுவதும் கொதிக்கக் கொதிக்க ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. 40 லிட்டர் ஆயில் மாற்றப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் இந்நாளில், அதை எப்போது மாற்றுவது என்பதும் பணத்தைப் பற்றிய கேள்விதான்.

மூன்றாவது, ஆயில் சீல்கள் காய்ந்து விறைத்து வெடிக்கின்றன. முதலில் ஒரு சொட்டு கசியும். பிறகு அளவு குறையும். அளவு குறைந்ததால் சூடு ஏறும். சூடு ஏறியதால் இன்னும் கசியும். இந்தச் சுழலில் சிக்கிய வண்டி வொர்க்ஷாப் வாசலில்தான் போய் நிற்கும்.

சேற்று உழவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சூடான பின்கூடு தண்ணீரில் இறங்கியதும் திடீரென்று குளிர்கிறது. உள்ளேயிருக்கும் காற்று சுருங்குகிறது. பிரீதர் எனப்படும் மூச்சுத் துளை மண்ணால் அடைபட்டிருந்தால், சுருங்கும் காற்று தேய்ந்த சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்துத் தெரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

‘கை வைத்துப் பார்த்தால் தெரியாதா?’

அனுபவமுள்ள டிரைவர்கள் பலர் இப்படித்தான் கேட்பார்கள். அவர்களது அனுபவத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் சூட்டைப் பொறுத்தவரை கை ஒரு மோசமான அளவுகோல். 60 டிகிரி சூடுள்ள இரும்பில் யாரும் சில விநாடிகளுக்கு மேல் கையை வைத்திருக்க முடியாது. உழவில் இருக்கும் நல்ல கியர் பெட்டியோ சர்வ சாதாரணமாக 60 முதல் 80 டிகிரியில் ஓடும். அதாவது, ஆரோக்கியமான வண்டியைத் தொட்டாலும் கை சுடும்; 105 டிகிரியில் அழிந்துகொண்டிருக்கும் வண்டியைத் தொட்டாலும் கை சுடும். நமக்குத் தெரிய வேண்டிய வித்தியாசம் முழுவதும் கை உணரக்கூடிய எல்லைக்கு அப்பால் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததோடு நாம் நிற்பதில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறோம்.

சோதனை நிலையங்களில் இந்த வெப்பத்தை அளக்காமல் விடுவதில்லை. டிராக்டர்களுக்கான சர்வதேசச் சோதனை விதிகளில், ஹைட்ராலிக் சக்தியை அளக்கும்போது எண்ணெய் 65 டிகிரியில், ஐந்து டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். சோதனை செய்கிறவருக்கு இவ்வளவு முக்கியமான அளவு, பல ஆண்டுகள் வண்டியை ஓட்டப் போகிறவருக்கு மட்டும் எப்படி வேண்டாததாகும்?

அமெரிக்காவில் பண்ணைக்காரர்கள் ஆட்டோமாட்டிக் கியர் கொண்ட பிக்கப் லாரிகளின் பின்னால் கால்நடை டிரெய்லரையும் வைக்கோல் டிரெய்லரையும் மாட்டி இழுப்பது வழக்கம். அந்தக் கியர் பெட்டிகள் சூட்டினால்தான் பெரும்பாலும் பழுதாகின்றன என்று கண்டுகொண்ட உரிமையாளர்கள், ஆயில் தட்டிலோ டிரெயின் பிளக்கிலோ தாங்களே சென்சார் பொருத்தி, ஓட்டுநர் முன் ஒரு மீட்டரை வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். இன்று அங்கே பல புதிய பிக்கப் லாரிகளில் இந்த மீட்டர் கம்பெனியிலிருந்தே வருகிறது. நமது டிராக்டரின் கியர் அமைப்பு வேறு. ஆனால் சுமை இழுக்கும்போது ஆயில் படும் பாடு ஒன்றுதான்.

பொருத்துவது எப்படி?

மூன்று வழிகள் உண்டு. அவரவர் வசதிக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம்.

எளிதானது விளக்கு முறை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில், குறிப்பிட்ட சூட்டில் தானாக இணையும் சிறிய தெர்மோஸ்டாட் சுவிட்ச் கிடைக்கிறது. 85 அல்லது 90 டிகிரியில் ‘இணையும்’ வகை என்று கேட்டு வாங்க வேண்டும்; ‘துண்டிக்கும்’ வகை உதவாது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து சிவப்பு விளக்கு, அங்கிருந்து சுவிட்ச், பிறகு எர்த் என்று ஒரே ஒயரில் முடிந்துவிடும். கூட்டின் பக்கவாட்டில் பெயின்டைச் சுரண்டி, சுவிட்சின் முகம் இரும்போடு படிய வைத்து, ஏற்கெனவே உள்ள ஒரு போல்ட்டில் பட்டை கொடுத்து இறுக்கலாம். விளக்கு எரிந்தால் நிறுத்து என்று பொருள்.

அடுத்தது டிஜிட்டல் வெப்பமானி. ஒயரின் முனையில் சிறு சென்சாரும், மறுமுனையில் எண் காட்டும் சிறு பெட்டியும் கொண்டது. குளிர்சாதனப் பெட்டிகளுக்காக விற்பவற்றில் பல 110 டிகிரி வரை காட்டும். நமக்கு அது போதும். போல்ட்டின் அடியில் வளையமாக மாட்டும் சென்சார் கிடைத்தால் இன்னும் நல்லது. சென்சாரின் மேல் துணியோ ரப்பரோ வைத்துக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றும் தண்ணீரும் பட்டுக் குறைத்துக் காட்டும். வெளிப்புற இரும்பில் வைக்கும் சென்சார், உள்ளே இருக்கும் ஆயிலைவிட 5 முதல் 10 டிகிரி குறைவாகவே காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஆயிலுக்குள்ளேயே சென்சாரை இறக்குவது. அளவு சரியாகத் தெரியும். ஆனால் மரை சரியாகப் பொருந்த வேண்டும். நல்ல லேத் பட்டறைக்காரர் உதவி தேவை. சென்சாரும் மீட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஜோடியாக இருக்க வேண்டும். ஒற்றை ஒயர் சென்சாருக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. கசியாமலிருக்க வெள்ளை டேப்பைச் சுற்றிவிட்டால் மீட்டர் தவறாகக் காட்டும். அடியிலுள்ள டிரெயின் பிளக் வரப்பிலும் தாளடியிலும் மோதக்கூடிய இடம். ஆகவே நஞ்சையில் உழும் வண்டிக்குப் பக்கவாட்டிலுள்ள பிளக்கே ஏற்றது. புதிய வண்டியானால், வாரண்டி முடியும்வரை பிளக்கைத் தொடாமல் வெளிப்புறச் சென்சாரோடு நிற்பது நலம்.

எந்த முறையானாலும் ஒயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சைலன்சர், கிளட்ச் மிதி, பி.டி.ஓ. தண்டு ஆகியவற்றுக்கு எட்டாமல் கட்ட வேண்டும். பொருத்துமுன் வெப்பமானியைச் சோதித்துக்கொள்ளுங்கள். கரையும் ஐஸ் தண்ணீரில் பூஜ்யமும், கொதிக்கும் தண்ணீரில் 100-உம் காட்ட வேண்டும். மலைப் பகுதிகளில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்; ஊட்டி உயரத்தில் 93 டிகிரி அளவில் காட்டினால் கருவியில் தவறில்லை.

எண்ணை எப்படிப் படிப்பது?

ஆயிலின் சூடு 80 டிகிரி வரை இருந்தால் கவலை இல்லை. 80-க்கும் 95-க்கும் இடையில் கவனம் தேவை. 100-ஐத் தொட்டால் வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் கியரை நியூட்ரலில் போட்டு, கருவியைத் தரையில் இறக்கி, லிப்டுக்குச் சுமை இல்லாமல் எஞ்சினை மெதுவாகச் சில நிமிடம் ஓடவிட்டு ஆறவிடலாம். சூடான கூட்டின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. இவை பொதுவான அளவுகள். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு வரம்பு இருந்தால் அதுவே முடிவு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உங்கள் வண்டியின் வழக்கமான சூட்டை அறிவது. முதல் பத்து நாட்களுக்கு ஒரு நோட்டில் வேலை, நேரம், வெயில், காட்டிய எண் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். அதே நிலத்தில் அதே ரோட்டவேட்டரோடு வழக்கமாக 72 காட்டிய வண்டி ஒரு நாள் 87 காட்டினால், அபாய எல்லையைத் தொடாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அறியலாம். ஆயில் அளவு, பிரேக், லிப்ட் நெம்புகோல், பிரீதர் என்ற வரிசையில் பார்த்துவிட்டுப் பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். சேற்று உழவில் வெளிப்புறச் சென்சார் சேறு படாத உயரத்தில் இருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

சென்சார் எதையும் பழுது பார்க்காது. முன்கூட்டிச் சொல்லும், அவ்வளவே. உடைந்த பல்லின் துணுக்கையோ, ஆயிலில் கலந்த தண்ணீரையோ அது காட்டாது. டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் வழக்கத்தை அதற்காக விட்டுவிடக் கூடாது.

ஒருவர் நஷ்டம் மட்டுமல்ல

குறுவைப் பட்டத்தில் ஒரு வாடகை டிராக்டரை நம்பி ஊரில் பல குடும்பங்கள் நாற்று விட்டிருக்கும். குறுகிய கால நெல் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பறித்து நட வேண்டும் என்பது பரிந்துரை. அந்த ஐந்து நாட்களுக்குள் கியர் பெட்டி உடைந்து வண்டி நின்றால், உரிமையாளருக்குப் பழுதுச் செலவு. மற்றவர்களுக்கு முற்றிய நாற்று, குறைந்த தூர், குறைந்த மகசூல். உடைந்ததற்கு யார் காரணம் என்ற தகராறில் கூலி டிரைவரின் தலை உருளுவதையும் கிராமத்தில் பார்க்கிறோம். ‘நீ ஓட்டிய ஓட்டுதான்’ என்பார் முதலாளி. ‘வண்டி முன்பே அப்படித்தான்’ என்பார் டிரைவர். தினமும் குறித்து வைத்த நோட்டு இருந்தால் இருவருக்கும் அது நியாயம் சொல்லும். சென்சாரை டிரைவரை வேவு பார்க்கும் சாதனமாக நினைக்காமல், அவர் கையில் கொடுக்கும் கருவியாக முதலாளிகள் கருத வேண்டும். விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்தும் டிரைவரைக் கடிந்துகொண்டால், மறுமுறை அவர் நிறுத்த மாட்டார்.

செய்ய வேண்டியவை

2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டர்களின் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விலை குறைந்ததில் உழவர்களுக்கு மகிழ்ச்சியே. இந்தச் சமயத்தில், பல லட்ச ரூபாய் வண்டியில் சில நூறு ரூபாய் சென்சாரைச் சேர்ப்பது உற்பத்தியாளர்களுக்குப் பெரிய பாரமாகாது. வார்ப்பிலேயே அதற்கென ஒரு துளையும் பிளக்கும் விட்டுவிட்டால்கூடப் போதும். மீட்டரை வேண்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டர்களில் இதை முதலில் பொருத்திப் பார்க்கலாம். பல கைகள் மாறி மாறி ஓட்டும் அந்த வண்டிகளுக்குத்தான் இது அதிகம் தேவை. ஒரு சேற்று உழவுப் பருவமும் ஒரு கோடை உழவுப் பருவமும் எந்த மண்ணில், எந்தக் கருவியோடு எவ்வளவு சூடு ஏறியது என்று குறித்து வெளியிட்டால், நம் நிலத்துக்கும் நம் வெயிலுக்கும் ஏற்ற அளவுகள் எல்லோருக்கும் கிடைக்கும். கூட்டுறவு வாடகை மையங்களும் இதைப் பின்பற்றலாம்.

அதுவரை உழவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த உழவுப் பருவத்திற்கு வண்டியைத் தயார் செய்யும்போது, ஆயில் மாற்றி, பிரீதரைத் துடைத்து, கையோடு ஒரு சிவப்பு விளக்கையாவது மாட்டிவிடுங்கள். ஒரு சால் உழும் நேரத்தில் கேட்கும் எச்சரிக்கை, ஒரு பருவத்தையே காப்பாற்றும்.